பானெட்டுக்கும் பூட்டு போடுங்க! பழைய அம்பாசிடர் ஓனர்கள் உஷார்

ராத்திரி வாசலில் நிறுத்திய அம்பாசிடர் காலையில் ஸ்டார்ட் ஆகவில்லை. பானெட்டைத் தூக்கினால் பேட்டரி 'அபேஸ்'! மர்ம ஆசாமிகளிடம் பழைய கார்கள் இப்படி லேசாக சிக்குவது ஏன்?

உத்தரபாரா தொழிற்சாலையில் அம்பாசிடர் உற்பத்தி 2014 மே மாதத்தோடு நின்றுபோச்சு. அதனால் ஒரிஜினல் பாகங்களுக்கு கிராக்கி. செத்த பேட்டரியைக்கூட ஈயத்துக்காக எடைக்குப் போடலாம். பழைய வண்டியில் அலாரமும் கிடையாது.

சட்டம் என்ன சொல்லுது?

2024 ஜூலை 1-ந்தேதி அமலுக்கு வந்த பாரதிய நியாய சன்ஹிதா 303-வது பிரிவில் திருட்டுக்கு 3 ஆண்டு வரை ஜெயில் உண்டு. ஆனால் பொருள் ரூ.5 ஆயிரத்துக்குக் குறைவு, முதல் தடவை தண்டனை, பொருளையோ அதன் மதிப்பையோ திருப்பிக் கொடுத்தாச்சு என்றால் சமூக சேவைதான்.  கல்யாணத்துக்கு காரை வாடகைக்கு விடுபவருக்கோ முகூர்த்த நாள் வருமானமே போச்சு!

தப்பிக்க வழி

பானெட் விளிம்பிலும் முன்பக்க தகட்டிலும் கொண்டி வைத்து பூட்டலாம். கொண்டியின் போல்ட்டை வெளியிலிருந்து கழற்ற முடியாதபடி உள்பக்கம் முடுக்க வேண்டும். பேட்டரி கிளாம்புக்கு லாக் நட் போடலாம். பாகங்களில் வண்டி நம்பரைப் பொறித்து வைத்தால் விற்பது கஷ்டம். பூட்டுச் சாவி வண்டிச் சாவியோடு இருக்கட்டும். என்ஜினில் புகை வந்தால் தேட நேரம் இருக்காது.

திருட்டுப் பொருள் என்று தெரிந்தே வாங்கினால் 317-வது பிரிவில் அதே 3 ஆண்டு வரை ஜெயில். பாதி விலைக்கு பேட்டரி வந்தால் முதலில் பில்லைக் கேளுங்க!