மான்க்ரிக்கின் மனைவியும் ரசிகர் தளங்களும்

இணைய விளையாட்டுகளுக்கென ரசிகர்கள் நடத்தும் தளங்களைப் பற்றி இலக்கிய வாசகர்களிடம் பேச ஏனோ ஒரு தயக்கம் நிலவுகிறது. அவசியமற்ற தயக்கம் என்றே நாம் கருதுகிறோம். பலர் கூடி ஊதியமின்றி எழுதி, ஊதியமின்றித் திருத்தி, கடைசியில் யாருக்குச் சொந்தம் என்ற கேள்வியில் சிக்கிக்கொண்ட எழுத்து அது. சிற்றிதழ் வாசகருக்கு இக்கதை அந்நியமானதன்று.

2004 நவம்பர் 23 அன்று வெளிவந்த ‘வேர்ல்ட் ஆஃப் வார்கிராஃப்ட்’ விளையாட்டையே எடுத்துக்கொள்வோம். அதன் ‘பேரன்ஸ்’ என்ற வறண்ட நிலப்பகுதியில் மான்க்ரிக் என்றொரு பாத்திரம். போரில் காணாமற்போன தன் மனைவியைத் தேடித் தருமாறு வருவோர் போவோரையெல்லாம் வேண்டுவான். இடத்தை மட்டும் தெளிவாகச் சொல்லமாட்டான். அந்தப் புழுதிவெளியில் அலைந்து சலித்தவர்கள் ‘தாட்பாட்’ போன்ற ரசிகர் தளங்களில் விடை தேடினர். அங்கிருந்த தரவுகளில் பெரும்பகுதி மென்பொருள் திரட்டிக் கொட்டியவை. உதவியதோ, அவற்றின் அடியில் முகமறியா ஒருவர் எழுதிவைத்த நாலு வரிதான்: எந்தப் பாதை, எவ்வளவு தூரம், என்ன அடையாளம். போய்ப் பார்த்தவரின் சாட்சியம் அது. ஒரு ரசிகர் தளத்தின் மதிப்பு இங்கேதான் இருக்கிறது. மற்றதெல்லாம் ஒப்பனை. (தொடங்கும்போது பலரும் மாதக்கணக்கில் செலவிடுவது அந்த ஒப்பனைக்கே என்பது வேறு விஷயம்.)

2010 டிசம்பரில் ‘கேட்டக்ளிசம்’ என்ற விரிவாக்கம் வந்து பழைய நிலங்களை உருமாற்றியது. பேரன்ஸ் வடக்கு, தெற்கு என இரண்டாகப் பிளந்தது. பழைய உலகுக்குத் திரும்பிச் செல்ல அதிகாரபூர்வமான வழி 2019 ஆகஸ்டில் ‘கிளாசிக்’ பதிப்பு வரும்வரை கிடையாது. இடைப்பட்ட ஏறத்தாழ ஒன்பதாண்டுகள் அந்த நிலத்தின் நினைவைக் காத்ததில் ரசிகர்களின் பதிவுகளுக்குப் பெரும்பங்கு உண்டு. புதிய தகவல் வந்ததும் பழையதை அழித்துவிட்டு அதே இடத்தில் எழுதுவது பலருக்குச் சுறுசுறுப்பாகத் தோன்றலாம். நமக்கு அது ஓலைச்சுவடியைச் சுரண்டி மேலே எழுதுவதாகவே படுகிறது. ‘இது நீக்கப்பட்டது, இன்ன பதிப்புவரை இருந்தது’ என்று ஒரு குறிப்போடு பழைய பக்கத்தை விட்டுவைப்பதில் என்ன நட்டம்?

இதைவிடச் சிக்கலானது சொத்துரிமை. இவ்விளையாட்டுக்கான ‘வாவ்விக்கி’, விளையாட்டு வெளியான மறுநாளே தொடங்கப்பட்டது. 2007இல் ‘விக்கியா’ நிறுவனத்தின் குடையின்கீழ்ச் சென்றது. 2010இல் அந்நிறுவனம் புதிய பக்க வடிவமைப்பொன்றை எல்லாத் தளங்களின்மீதும் சுமத்தியது. வெறுத்துப்போன தொகுப்பாளர்கள் பலர் அவ்வாண்டு அக்டோபரில் வெளியேறி ‘வாவ்பீடியா’வைத் தொடங்கினர். உரிமம் இடந்தந்ததால் எழுதியவற்றை நகலெடுத்துச் செல்ல முடிந்தது. பெயரையும் முகவரியையும் எடுத்துச் செல்ல முடியவில்லை.

கொடுமை இத்துடன் முடியவில்லை. 2018 டிசம்பரில், ‘ஃபேண்டம்’ எனப் பெயர் மாற்றிக்கொண்டிருந்த அதே நிறுவனம், வாவ்பீடியா குடியிருந்த ‘கேம்பீடியா’வையே விலைக்கு வாங்கிவிட்டது. வீட்டுக்காரரோடு மனஸ்தாபப்பட்டு வேறு வீடு பார்த்துப் போனவர்கள், அந்த வீட்டையும் அவரே வாங்கியதைக் கண்டார்கள்! 2023 அக்டோபரில் மீண்டுமொரு குடிபெயர்வு, மீண்டுமொரு புதிய பெயர். ‘ரூன்ஸ்கேப்’ விளையாட்டின் விக்கி 2018இலும், ‘மைன்கிராஃப்ட்’ விக்கி 2023இலும் இதே நிறுவனத்தைவிட்டுத்தான் வெளியேறின.

இலவச இடத்தை நாடுவோரை நாம் ஏளனம் செய்யவில்லை. வழங்கிக்கு மாதாமாதம் காசு கட்ட மாணவர்களால் இயலாது. அந்த நிறுவனங்கள் இடம் தந்திராவிட்டால் இத்தளங்களில் பாதி பிறந்தே இருக்காது. ஆனால், முகவரிப் பெயரை மட்டுமாவது சமூகத்தின் கையில் வைத்துக்கொள்வதற்கு ஆகும் ஆண்டுச் செலவு சொற்பம். அந்தச் சொற்பத்தைச் சேமிக்கப்போய்த்தான் பல்லாண்டு உழைப்பின் வாசற்கதவு இன்னொருவரிடம் போய்ச் சேருகிறது. அவ்வப்போது முழுப் பிரதியெடுத்து இரண்டு மூன்று பேரிடம் கொடுத்துவைப்பதும் அவ்வாறே.

உரிமத்தை முதல் நாளே அறிவித்துவிட வேண்டும். ‘பிறகு பார்த்துக்கொள்ளலாம்’ என்று விட்டால், எழுதிய ஒவ்வொருவரையும் தேடிப்பிடித்து ஒப்புதல் பெறவேண்டிவரும். புனைபெயரில் நாலு வரி எழுதிவிட்டுப் போனவரை எந்தப் புழுதிவெளியில் போய்த் தேடுவது?