ஆப்பிளுக்கு மிளகு, மாவுக்குச் சாமை

ஆப்பிள் டார்ட்ல மிளகான்னு முகம் சுளிக்கிறவங்க கொஞ்சம் பொறுமையா படிச்சுட்டு அப்புறம் திட்டலாம்.

டார்ட்னு சொன்னதும் பயந்துடாதீங்க மக்களே. வெண்ணெய் போட்டுப் பிசைஞ்ச மாவை வட்டமா தேய்ச்சு, நடுவுல பழத்தை அடுக்கி, ஓரத்தை மடிச்சுவிட்டு அவன்ல சுடறது, அவ்ளோதான். அச்சு வேண்டாம். பிரெஞ்சுக்காரங்க இதை 'கலெட்'ம்பாங்க. கோணல்மாணலா இருக்கறதுதான் இதுக்கு அழகாம். (சப்பாத்தி தேய்ச்சா இந்திய வரைபடம் வர்ற என்னை மாதிரி ஆளுங்களுக்குன்னே கண்டுபிடிச்சது!)

இதுல வித்தியாசமா எதையாவது போட்டே ஆகணும்னு ஒரு கூட்டம் கிளம்பியிருக்கு. ரோஸ்மேரிங்கறாங்க, பூஞ்சை பூத்த நீலச் சீஸ்ங்கறாங்க. வித்தியாசத்துக்காக வித்தியாசம் எனக்கு ஒத்துவராது. சேர்க்கிற பொருள், பழத்துல எது குறையுதோ அதைக் கொடுக்கணும்.

நமக்குக் கிடைக்கிற ஆப்பிள்ல என்ன குறை? புளிப்பு. சாமுவேல் ஸ்டோக்ஸ்ங்கற அமெரிக்கர் 1916 வாக்கில் இமாச்சலத்தில் கொண்டுவந்து நட்டது ரெட் டெலிஷியஸ். அந்தச் சிவப்பும் இனிப்பும் நம்ம நாக்குக்குப் பழகிப்போச்சு. கடிச்சுத் தின்ன நல்ல பழம்தான், சுட்டா குழைஞ்சு வெறும் தித்திப்பு மிஞ்சும். வெளிநாட்டுக் குறிப்புகள் பெரும்பாலும் கிரானி ஸ்மித் மாதிரி புளிப்பு ஆப்பிளுக்கு எழுதினது. அதை அப்படியே காப்பி பேஸ்ட் பண்ணினா எர்ரர் வரத்தானே செய்யும்?

இதுக்கு மருந்து கொல்லிமலையில இருக்கு. 70 கொண்டை ஊசி வளைவு ஏறினாலும் அங்கே ஆப்பிள் கிடையாது. அதுக்கு வேண்டிய நீண்ட குளிர் அந்த உயரத்துல இல்லை. ஆனா அன்னாசி இருக்கு, மிளகு இருக்கு. மூணு பங்கு ஆப்பிளுக்கு ஒரு பங்கு அன்னாசி. அன்னாசியை முதல்ல வாணலியில தண்ணி வத்த வதக்கிடணும். மிளகைக் கரகரப்பா இடிச்சு, அடுப்பை அணைச்ச பிறகு அரை ஸ்பூன். முன்னாடியே போட்டா வாசனை பறந்துடும். அன்னாசிக் கீத்துல உப்பும் மிளகாய்ப்பொடியும் தூவித் தின்ன நமக்கு இதுல என்னங்க புதுசு?

மாவுல மூணுல ஒரு பங்கு சாமை மாவு. அதுக்கு மேல போனா ஓரம் மடிக்கறப்ப உடையும், சாமையில பசைத்தன்மை கிடையாது. இன்னொரு கைப்பிடியை வறுத்துப் பழத்துக்கு அடியில தூவிடுங்க, சாறை உறிஞ்சிக்கும், அடிப்பாகம் நமத்துப் போகாது.

இந்தச் சாமைக்குத்தான் இவ்வளவும் எழுதறேன். திருப்புலி நாட்டுல என் நண்பன் வீட்டுல முக்கால்வாசி நிலம் மரவள்ளி. சேகோ ஆலைக்குப் போகுது, கையில காசு வருது. சாமை ஒரு ஓரத்துல, வீட்டுச் சாப்பாட்டுக்கு மட்டும். எம்.எஸ்.சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் 1990-கள்ல இருந்து அந்த மலையில சிறுதானியத்துக்கு வேலை செஞ்சிருக்கு, உமி நீக்குற மிஷின்கூட சில ஊர்கள்ல வெச்சாங்க. ஐ.நா. 2023-ஐ சிறுதானிய ஆண்டுன்னு கொண்டாடிச்சு. நண்பனோட அம்மாகிட்ட இதையெல்லாம் பெருமையா சொன்னேன்.

"ஆண்டு கொண்டாடினா ஆச்சா தம்பி? மிஷினுக்கு யாரு மூட்டையைத் தூக்கிட்டுப் போறது? இல்லேன்னா உரல்ல நான்தானே குத்தணும்?"

ரெண்டு கிலோ வேணும், என்ன விலைன்னு கேட்டேன். "கடை விலையைக் குடு. குத்தின கூலி தனி"ன்னாங்க. கொடுத்துட்டு வந்தேன்.