ஆடு தந்தார்கள், புல் எங்கே?

குற்றாலத்திலே சாரல்! பேரருவியிலும் ஐந்தருவியிலும் நீர் கொட்டுகிறது என்றதும் ஊர் ஊராக மக்கள் வந்து குவிகிறார்கள். குளித்துக் களிக்கிறார்கள். களிக்கட்டும், நமக்கும் மகிழ்ச்சியே! ஆனால் தோழர்களே, அதே சாரல் விழும் நாளில், அருவிக்கு நாலைந்து கல் தொலைவிலே, ஆட்டுப்பட்டியின் வாயிலில் நெஞ்சு படபடக்க நிற்கிறாள் ஓர் ஏழைத் தாய். விடிந்ததும் எத்தனை குட்டி உயிரோடிருக்கும் என்பதே அவள் கவலை!

ஏன் இந்த அச்சம்? மழை விழுந்ததும் இளம்புல் தளிர்க்கிறது. கோடையெல்லாம் காய்ந்த சருகைக் கடித்துக் கிடந்த குட்டி, வயிறு முட்ட மேய்கிறது. குடலிலே அடங்கிக் கிடந்த கிருமி பெருகுகிறது, நஞ்சைக் கக்குகிறது. நேற்று மாலை துள்ளித் திரிந்த குட்டி, இன்று காலை துடித்து விழுந்து மடிகிறது. துள்ளுமாரி என்பது அந்த நோயின் பெயர். நோஞ்சானை விட்டுக் கொழுத்த குட்டியைத் தேடிக் கொல்லும் கொடுமை அது!

மருந்தில்லையா? உண்டு! இராணிப்பேட்டையிலே 1932ஆம் ஆண்டு முதல் கால்நடைகளுக்கான தடுப்பு மருந்து தயாரிக்கும் நிலையம் இருக்கிறது, அரசின் நிலையமே. ஆனால் ஊசி போட்ட மறுநாளே காப்பு வந்துவிடாது. சில வாரம் பிடிக்கும். ஆகவே மழைக்கு முன்பே மருந்து பட்டிக்கு வந்தாக வேண்டும். மழைக்குப் பின் வரும் மருந்து, மணம் முடிந்த பின் வரும் மேளம்!

“ஒரு குட்டிதானே செத்தது?” என்று மாடியிலிருப்போர் கேட்கக்கூடும். அந்த ஒரு குட்டியின் கணக்கைக் கேளுங்கள். ஐந்து மாதம் தாய் சுமக்கிறது. ஈன்ற ஒரு மணி நேரத்திற்குள் சீம்பால் ஊட்டவேண்டும். தொப்புளுக்கு மருந்திட வேண்டும். தாய் ஒதுக்கிவிட்டால், கைக்குழந்தைக்குப் புகட்டுவதுபோலப் புட்டிப்பால் புகட்டவேண்டும். நாய்க்கும் நரிக்கும் அஞ்சி இரவிலே பஞ்சாரம் போட்டு மூடவேண்டும். மூன்று மாதம் இப்படிக் கண்ணுங்கருத்துமாய்க் காத்த பிறகுதான் அது பால்குடி மறந்து மந்தையோடு மேயப்போகும். மகனின் படிப்புச் செலவும், விதைக்கும் உரத்துக்கும் வேண்டிய முதலும் அந்தக் குட்டியிடம் இருக்கின்றன. பணக்காரனின் வங்கிக்கு இரும்புக் கதவு. பாட்டாளியின் வங்கிக்கு நாலு கால்!

2019ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பின்படி இந்தியாவில் செம்மறி ஆடுகள் 7 கோடியே 42 லட்சம். வெள்ளாடுகள் 14 கோடியே 88 லட்சம். இவற்றைப் பெரும்பாலும் வளர்ப்பவர்கள் சிறு விவசாயிகளும் கூலித் தொழிலாளர்களும்தான்.

ஆட்சியிலிருப்போர் இதை அறியாதவர்களல்லர். 2011இல் கிராமத்து ஏழைப் பெண்களுக்கு நான்கு ஆடுகள் தரும் திட்டம் வந்தது. 2021க்குப் பின், கணவனை இழந்தோர், கைவிடப்பட்டோர், ஆதரவற்றோருக்கு ஐந்து ஆடுகள் தரும் திட்டம் வந்தது. இரண்டையும் நாம் குறை கூறவில்லை, கைதட்டி வரவேற்கிறோம். ஆனால் ஆட்டைக் கையில் கொடுத்தவர்கள், அது மேயப் புல்லை எங்கே வைத்தார்கள்?

மலைக்கு ஓட்டலாமா? 2015இல் இம்மலைக் காடுகள் நெல்லை வனவிலங்குச் சரணாலயத்துள் வந்தன. 2022 மார்ச்சில் சென்னை உயர்நீதிமன்றம், முதலில் மாநிலத்தின் காடுகள் அனைத்திலும் மேய்ச்சலுக்குத் தடை விதித்தது; சில நாட்களிலேயே சரணாலயம், தேசியப் பூங்கா, புலிகள் காப்பகம் என்று அதை வரையறுத்தது. காடு அழியட்டும் என்று நாம் கூறமாட்டோம். சிற்றாறு பிறக்கும் மலையல்லவா அது! காடு போனால் அருவி ஏது? வயல் ஏது? ஆனால் 2006ஆம் ஆண்டு வன உரிமைச் சட்டம் காடு சார்ந்து வாழ்வோரின் மேய்ச்சல் உரிமையையும் ஏற்றிருக்கிறது. யாருக்கு அந்த உரிமை உண்டு என்று ஊர் ஊராக விசாரித்துச் சொல்வது யார் கடமை?

சரி, மலை வேண்டாம். ஊர்ப் பொதுநிலத்துக்கு ஓட்டலாமா? மேய்ச்சல் புறம்போக்கு என்று பதிவேட்டிலே இருக்கும். போய்ப் பார்த்தால் வேலியிருக்கும், வீட்டுமனைக் கல்லிருக்கும்! ஊர்ப் பொதுநில ஆக்கிரமிப்புகளை அகற்றத் திட்டம் வகுக்கும்படி எல்லா மாநிலங்களுக்கும் உச்சநீதிமன்றம் ஆணையிட்டது 2011 ஜனவரியில். தீர்ப்பு காகிதத்திலே பச்சையாயிருக்கிறது. புல் தரையிலே இல்லை! மலையிலே காவலர் தடுக்கிறார். ஊரிலே வேலி தடுக்கிறது. ஏழையின் ஆடு எங்கேதான் மேயும்?

இத்தனையும் தாண்டிப் பிழைத்த குட்டி சந்தைக்குப் போகிறது. அங்கே தராசு இல்லை. தரகரின் கை துண்டுக்குள்ளே போகிறது. விரலோடு விரல் பேசுகிறது. வளர்த்தவளுக்கு அந்தப் பேச்சு விளங்குவதில்லை.

“என்ன அண்ணாச்சி, இம்புட்டுதானா?”

“பத்து கிலோகூடத் தேறாதும்மா. வேணும்னா ஓட்டிக்கிட்டுப் போ!”

ஓட்டிக்கொண்டு போக அவளால் முடியாது. வண்டிக் கூலி கொடுத்தாயிற்று. நாளை கட்டவேண்டிய பணம் காத்திருக்கிறது. வியாபாரியைப் பழிப்பது நம் நோக்கமல்ல. அவரும் பிழைக்க வந்தவரே. ஆனால் கால் கிலோ கத்தரிக்காய்க்குத் தராசு வைத்திருக்கும் நாட்டிலே, ஒரு குடும்பத்தின் அரையாண்டு உழைப்பை வெறுங்கண்ணால் நிறுக்கலாமா?

நாம் கேட்பவை மூன்றே மூன்று. சாரலுக்கு முன்பும் ஐப்பசி மழைக்கு முன்பும், பட்டி வாயிலிலேயே தடுப்பூசி. புறம்போக்கை அளந்து, ஆக்கிரமிப்பை அகற்றி, தீவன மரம் நட்டு, ஊராட்சியின் பொறுப்பில் மேய்ச்சல் நிலம். ஆடு விற்கும் சந்தை ஒவ்வொன்றிலும், எவரும் பார்க்கும்படி ஒரு தராசு. கோடிகளைக் கொட்டவேண்டிய திட்டமல்ல. கொஞ்சம் மனம் வேண்டும், அவ்வளவே!

தென்காசி தனி மாவட்டமானது 2019 நவம்பர் 22இல். நெல்லைக்கு நடந்த கால்களுக்கு, இனி பக்கத்திலேயே கதவு திறக்கும் என்றார்கள். அந்தக் கதவைத் தட்டுவது நம் வேலை, தோழர்களே! உங்கள் ஊர்ப் புறம்போக்கு எத்தனை ஏக்கர், இன்று யார் கையில் என்று கேட்டு எழுதுங்கள். கிராம சபையிலே எழுந்து பேசுங்கள். அடுத்த சாரல் வரும்போது, அருவியிலே குளிப்பவன் முகத்தில் மட்டுமல்ல, பட்டி வாயிலில் நிற்கும் அந்தத் தாயின் முகத்திலும் மகிழ்ச்சி மலரட்டும்!