விடை தெரிந்த கேள்வியை ஏன் மறுபடி கேட்கவேண்டும்?

எதிர்ப்பொருள் ஆய்வைப் பற்றிப் பேச்சு வந்தால், "விடை தெரிஞ்ச கணக்கை ஏன் திரும்பத் திரும்பச் செய்யினம்? காசுதானே வீண்" என்று சொல்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானதுதான். ஆனால் எனக்கு அதில் உடன்பாடில்லை.

முதலில், அங்கே என்ன நடக்கிறது? ஐதரசன் அணுவில் ஒரு புரோத்தனும் ஓர் இலத்திரனும் உண்டு. எதிர் ஐதரசனில் அவற்றுக்குப் பதில் எதிர்ப்புரோத்தனும் பொசித்திரனும் இருக்கும். மின்னேற்றம் நேர்மாறு, மற்றபடி ஐதரசனைப் போலவே இருக்கவேண்டும் என்கிறது கோட்பாடு. சாதாரணப் பொருளைத் தொட்டால் அது அழிந்துவிடும். அதனால் ஜெனிவாவுக்கு அருகிலுள்ள சேர்ன் ஆய்வுகூடத்தில் 'அல்பா' குழுவினர் அதை வெற்றிடத்தில், காந்தப் புலத்துக்குள் பிடித்துவைக்கிறார்கள். பிறகு லேசர் ஒளியைப் பாய்ச்சி, எந்த அதிர்வெண்ணில் அணு உயர்ந்த சக்தி நிலைக்குத் தாவுகிறது என்று பார்க்கிறார்கள்.

2016இல் இது முதன்முதலாகக் கைகூடியது. 2018இல் வந்த அளவீட்டில், ஒரு இலட்சம் கோடியில் இரண்டு பங்கு என்ற துல்லியம்வரை ஐதரசனோடு வேறுபாடு தெரியவில்லை. சிட்னியிலிருந்து மெல்பேர்ணுக்கு வீதியால் ஏறக்குறைய 880 கிலோமீட்டர். அந்தத் தூரத்தை இதே துல்லியத்தில் அளந்தால், பிழை ஒரு தலைமுடியின் தடிப்பில் இருபதில் ஒரு பங்குகூட வராது.

"அப்ப சரிதானே, இனி நிறுத்தலாமே?" என்று கேட்கலாம். 1956இலும் அப்படித்தான் நினைத்தார்கள். இயற்கைக்கு இடமும் வலமும் ஒன்றே என்று பௌதிகவியலாளர் பெரும்பாலானோர் நம்பினார்கள். மென் விசையில் அதை யாரும் சோதித்ததேயில்லை என்று லீ, யாங் இருவரும் சுட்டிக்காட்டினார்கள். 1936இல் சீனாவிலிருந்து அமெரிக்காவுக்குப் போன வூ சியென்-சியுங் என்ற பெண் விஞ்ஞானி, தன் குழுவோடு கோபால்ற்று-60 அணுக்களை வைத்துச் சோதித்தார். அந்த நம்பிக்கை உடைந்தது. 1957இல் லீக்கும் யாங்குக்கும் நோபல் பரிசு கிடைத்தது. அளந்து காட்டிய வூவுக்குக் கிடைக்கவில்லை.

பொருளும் எதிர்ப்பொருளும் சில இடங்களில் வேறாக நடக்கின்றன என்பதும் 1964இல் தெரியவந்தது. 2001இல் ஜப்பானின் 'பெல்' பரிசோதனையும் அமெரிக்காவின் 'பாபார்' பரிசோதனையும் வேறொரு வகைத் துகளில் அதைக் கண்டன. இன்று அங்கே இயங்கும் 'பெல் 2' கருவியில், துகள்களின் தடத்தைப் பிடிக்கும் சிலிக்கன் அடுக்குகளில் ஒன்று மெல்பேர்ண் பல்கலைக்கழகத்தில் செய்யப்பட்டது. சென்னை ஐஐடி ஆய்வாளர்களும் அந்தக் குழுவில் இருக்கிறார்கள்.

இவ்வளவு தெரிந்தும் பெரிய கேள்வி அப்படியே நிற்கிறது. தொடக்கத்தில் பொருளும் எதிர்ப்பொருளும் சரிசமமாக உண்டாகியிருந்தால், இரண்டும் ஒன்றையொன்று அழித்திருக்கும். நாமும் இருந்திருக்க மாட்டோம். இதுவரை கண்ட சிறு வேறுபாடுகள் இதை விளக்கப் போதவில்லை. மிச்ச விடை அடுத்த இலக்கத்தில் ஒளிந்திருக்கலாம், இல்லாமலும் போகலாம். அளக்காமல் எப்படித் தெரியும்?

பன்னிரண்டாம் வகுப்புக்குப் பாடம் தெரிவு செய்யும் தம்பி தங்கைகளுக்கு ஒன்று சொல்வேன். "பௌதிகவியலில் கண்டுபிடிக்க இனி என்ன இருக்கு?" என்று யாராவது கேட்டால் சண்டை பிடிக்கவேண்டாம். "எத்தனையாம் இலக்கம்வரை பார்த்துவிட்டுச் சொல்லுறீங்கள்?" என்று மரியாதையாகக் கேளுங்கள்.