தோளில் இரண்டு கிலோ

தெற்கு அந்தமானின் தென்கோடியில் இருக்கிறது சிடியா டாப்பு. பெயரை மொழிபெயர்த்தால் ‘பறவைத் தீவு’. ஆனால் அது தனித் தீவல்ல. நீண்ட ஸூம் லென்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இதைவிடக் கடுமையான தேர்வுக்களம் கிடைப்பது அரிது. அடர்ந்த பசுமைக் காடு, உள்ளே எப்போதும் நிழல். இந்திய நேரத்தையே பின்பற்றுவதால் டிசம்பரில் மாலை ஐந்து மணிக்கே சூரியன் விழுந்துவிடுகிறது.

2019-இல் வந்த சோனி 200-600 மில்லிமீட்டர் லென்ஸை எடுத்துக்கொள்வோம். முக்காலி வளையம் இல்லாமலே எடை 2,115 கிராம். ஸூம் செய்யும்போது குழல் வெளியே நீள்வதில்லை. அதனால் எடை முன்பக்கம் சாய்வதில்லை. இடது உள்ளங்கை லென்ஸின் அடியில், முழங்கை விலாவோடு ஒட்டி. இதுதான் சரியான பிடி. கேமராவை மட்டும் பிடித்துத் தூக்கினால் இணைப்பு வளையத்தின் மீதுதான் அத்தனை பாரமும்.

அந்தமான் மரங்கொத்தி கரிய பறவை. இருண்ட மரத்தண்டில் அது உட்கார்ந்திருந்தால் ஆட்டோஃபோகஸ் தடுமாறும். பிடித்துக்கொள்ள ஒளி-நிழல் வேறுபாடு தேவை. கிடைக்காவிட்டால் லென்ஸ் இந்த எல்லைக்கும் அந்த எல்லைக்கும் அலையும். 600 மில்லிமீட்டரில் இதன் அதிகபட்சத் திறப்பு எஃப் 6.3. பல லட்ச ரூபாய் விலையுள்ள எஃப் 4 லென்ஸ் இதைப்போல ஏறக்குறைய இரண்டரை மடங்கு ஒளியை உள்ளே விடும்.

வழி இல்லாமல் இல்லை. லென்ஸின் பக்கவாட்டில் உள்ள சுவிட்சை ‘10 மீட்டர் முதல் முடிவிலி வரை’ என்று வைத்தால் அலைச்சல் குறையும். ஆனால் பறவை எட்டு மீட்டரில் வந்து அமர்ந்தால் ஃபோகஸ் ஆகாது. சுவிட்சை மறந்துவிட்டு லென்ஸைத் திட்டுகிறவர்கள் உண்டு. பறவையின் கண்ணைத் தேடிப் பிடிக்கும் புதிய கேமராக்கள்கூட முன்னால் ஆடும் இலையில் ஏமாந்துபோகும். அங்கே ஒற்றைச் சிறு புள்ளியே நம்பகமானது. இன்னொன்று: அதிர்வுத் தடுப்பு நம் கை நடுக்கத்தைத்தான் அடக்கும், பறவையின் துள்ளலை அல்ல.

ஏ.சி. அறையிலிருந்து வெளியே வந்ததும் பையைத் திறக்காதீர்கள். தீவின் ஈரக்காற்று குளிர்ந்த கண்ணாடியில் பனியாய்ப் படியும்; அரை மணி நேரம் பொறுத்தால் நல்லது.

அந்தமான் டிரங்க் ரோட்டில் ஜாரவா காப்பகம் வழியே போகும்போது பையைத் திறக்கவே கூடாது. 1956-ஆம் ஆண்டின் பழங்குடியினர் பாதுகாப்பு ஒழுங்குமுறையின் கீழ், அங்கே அவர்களைப் படமெடுப்பது தண்டனைக்குரிய குற்றம். ஜன்னல் வழியே எட்டிப் பிடிக்கும் திறன் லென்ஸுக்கு உண்டு. உரிமை நமக்கு இல்லை. பறவைக் கூட்டிலிருந்து விலகி நிற்கத்தானே 600 மில்லிமீட்டர் வாங்கினோம்? மனிதர்களிடமும் அந்த விலகல் வேண்டும்.