வானத்திலும் வரிசை உண்டு!



ரேஷன் கடை, தண்ணீர்க் குழாய் என்று வரிசையில் நின்று நின்று நமக்கெல்லாம் அலுத்துப் போச்சு. "வரிசையில நிக்கிறவன் ஏமாளி, முந்துறவன்தான் கெட்டிக்காரன்" என்று சிலர் பேசுகிறார்கள். நான் அதை ஒத்துக்கொள்ள மாட்டேன். ஏன் என்று ஆகாய விமானத்தை வைத்துச் சொல்கிறேன்.

வானம் எவ்வளவு பெரிசு! ஆனால் இறங்குகிற ஓடுபாதை சின்னது. மும்பை விமான நிலையத்தில் இரண்டு ஓடுபாதைகள் உண்டு. அவை ஒன்றையொன்று குறுக்கே வெட்டுவதால் ஒரு நேரத்தில் ஒன்றைத்தான் பயன்படுத்துகிறார்கள். நம்ம ஊர் பனியன் கம்பெனியில் பத்து டெய்லர் தைத்துத் தள்ளினாலும், அயர்ன் பண்ண ஒரே ஆள் என்றால் பீஸ் மேஜையில் குவிந்துவிடும். பீஸைக் குவிக்கலாம். விமானத்தை வானத்தில் நிறுத்தி வைக்க முடியுமா?

அதனால்தான் சுற்ற விடுகிறார்கள். முதலில் "வேகத்தைக் குறை" என்பார்கள், கொஞ்சம் சுற்றுவழியில் வரச் சொல்வார்கள். அப்படியும் இடமில்லை என்றால் முட்டை வடிவப் பாதையில் வட்டமடிக்க வேண்டும். ஒரு சுற்றுக்கு ஏறக்குறைய 4 நிமிடம். ஒன்றுக்கு மேல் ஒன்றாக, 1,000 அடி இடைவெளியில் பறக்கும். அடியில் இருப்பது இறங்கப் போனதும் மேலே இருப்பவை ஒவ்வொரு படியாக இறங்கும். நோயாளிக்கு ஆபத்து, எரிபொருள் தீரப் போகிறது என்றால் அந்த விமானத்துக்கு முதலில் வழி விடுவார்கள். பணக்காரர் இருக்கிறார் என்பதற்காக இல்லை!

சொன்ன இடத்தில் நிற்காவிட்டால் என்ன ஆகும்? 1996 நவம்பர் 12 அன்று டெல்லிக்கு வந்த கஜகஸ்தான் விமானத்துக்கு 15,000 அடியில் இருக்கச் சொன்னார்கள். எதிரே டெல்லியிலிருந்து கிளம்பிய சவூதி விமானத்துக்கு 14,000 அடி. வந்த விமானம் தன் உயரத்தில் நிற்காமல் கீழே இறங்கிவிட்டது. அரியானாவில் சர்க்கி தாத்ரி என்ற ஊருக்கு மேலே இரண்டும் மோதி 349 பேர் இறந்தார்கள். ஒருவர்கூடப் பிழைக்கவில்லை. அப்போது வருவதற்கும் போவதற்கும் ஒரே வான்வழிதான். அதற்குப் பிறகுதான் வழிகளைத் தனித்தனியாகப் பிரித்தார்கள், மோதலை முன்கூட்டி எச்சரிக்கும் கருவியும் கட்டாயமாச்சு.

அப்படியானால் காத்திருப்பவர்கள் எவ்வளவு நேரமானாலும் பேசாமல் காத்திருக்கணுமா? அதுவும் இல்லை. மும்பைக்கு மேலே விமானங்கள் 40 முதல் 60 நிமிடம் வரை சுற்றுவதாக மத்திய விமானப் போக்குவரத்து அமைச்சகம் 2024 பிப்ரவரியில் சொன்னது. 40 நிமிடம் சுற்றினால் சுமார் 1,700 லிட்டர் எரிபொருள், 1.8 லட்சம் ரூபாய் புகையாகப் போகுமாம்! அந்தச் செலவு கடைசியில் பயணிகள் தலையில்தானே விழும்? அதனால் நெரிசல் நேரத்தில் மணிக்கு 46 என்று இருந்த விமானப் போக்குவரத்தை 44 ஆகக் குறைத்தார்கள். விமானிகளைத் திட்டவில்லை, கூப்பிடும் எண்ணிக்கையைக் குறைத்தார்கள்.

இதுதான் என் கருத்து. வரிசையை மதிக்க வேண்டியது நம் கடமை. வரிசை நீளாமல் பார்த்துக்கொள்வது கூப்பிடுகிறவர்கள் கடமை. ஒரே குழாயில் ஊருக்கே ஒரு மணி நேரம் தண்ணீர் விட்டுவிட்டு, "பொம்பளைங்க சண்டை போடுறாங்க" என்று சொல்வது நியாயமா? இன்னொரு குழாய் போடலாம். தெருவுக்கு ஒரு நேரம் பிரித்துக் கொடுக்கலாம். அதுவரை நாமும் குடத்தை முன்னால் நகர்த்தாமல் இருக்கலாம். கர்ப்பிணி அக்காவுக்கும் வயசான பாட்டிக்கும் முதலில் வழி விடலாம்.

தோழிகளே, வானத்தில் முடிகிறது நம்ம தெருவில் முடியாதா? சிந்திப்போம்!

– ஒன்பதாம் வகுப்பு மாணவி