கையெழுத்துப் போட்டாச்சு... அவ்வளவுதானா?

போன வாரம் வைப்பின் ஜெட்டியில் ரோ-ரோவுக்குக் காத்திருந்தபோது, நம்ம திருநெல்வேலிக்காரர் ஒருவர் ஒரு காகிதத்தை நீட்டினார். பதினோரு வருஷம் வேலை பார்த்த கம்பெனி, விசாரணையே இல்லாமல் நிறுத்திவிட்டு, ஒரு செக்கைக் கொடுத்து "இனி எந்தப் பாக்கியும் இல்லை" என்று எழுதி வாங்கியிருக்கிறது. முழுக்க மலையாளம். அவருக்குப் பேச வரும், படிக்க வராது. அன்றைக்கே போடாவிட்டால் செக் கிடையாதாம்.

"கையெழுத்துப் போட்டாச்சே சார், இனி என்ன?" இதை நம்மாட்கள் சொல்லிச் சொல்லியே எனக்குப் புளித்துவிட்டது!

பி.காமில் மனப்பாடம் பண்ணின 1872 ஒப்பந்தச் சட்டம் என்ன சொல்கிறது? இருவரும் ஒரே விஷயத்தை ஒரே அர்த்தத்தில் ஒப்புக்கொண்டால்தான் சம்மதம் (பிரிவு 13). மேல்கையில் இருப்பவர் அமுக்கி வாங்கினால் ரத்து கேட்கலாம் (16, 19ஏ). 1986-ல் பிரஜோ நாத் கங்குலி வழக்கில், மூன்று மாத நோட்டீஸில் நிரந்தர ஊழியரை அனுப்பும் விதியையே உச்ச நீதிமன்றம் செல்லாது என்றது. பேரம் பேசும் பலம் சமமில்லை என்பதும் ஒரு காரணம். அந்த விதியும் வேலை ஒப்பந்தத்தில் இருந்ததுதான்.

சமரச அதிகாரி முன்னால் சங்கம் போட்ட ஒப்பந்தம் வேறு கதை. அது சங்கத்தில் இல்லாதவரையும் கட்டும். இவருடையது அப்படியில்லை.

செக் பணத்தில் பாதி பிள்ளைகள் ஃபீஸுக்குப் போய்விட்டதாம். "மீதியைத் தொடாதீங்க அண்ணாச்சி" என்றேன். ரத்து செய்பவர் வாங்கியதைத் திருப்ப வேண்டியிருக்கும் (பிரிவு 64). தொழிலாளர் அலுவலகத்துக்கு ஆட்சேபம் எழுத்தில், இந்த வாரமே. மாசக்கணக்கில் வாய்மூடி இருந்தால் அதையே சம்மதம் என்பார்கள்.